வானொலிப் பயிற்சி முதல் வளைய விளையாட்டு வரை



இன்றைய உரை உடற்பயிற்சி விளையாட்டின் வரலாற்றைப் பற்றியது. தொலைக்காட்சியோடு இணைத்து, கையையும் காலையும் அசைத்து ஆடுகிறார்களே, அந்த விளையாட்டுப் பெட்டியைப் பற்றியது. “வாத்தியாருக்குப் பேச வேறு பொருளே கிடைக்கவில்லையா?” என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பேச்சுக்குக் காரணமானவர் ஒரு பாட்டி. அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் போகிறேன்.

கிள்ளானுக்கு வடக்கே, மேருவில், என் மாணவன் ஒருவனின் வீடு இருக்கிறது. அவனுடைய பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்தவர். தோட்டத்தை விட்டு வந்த பிறகு அந்த உழைப்பு நின்றது. ஆனால் மூன்று வேளைச் சோறும் சீனி போட்ட தேநீரும் நிற்கவில்லை. இப்பொழுது இனிப்பு நீர் நோயும் முழங்கால் வலியும் அவருக்குத் துணை. “தினமும் அரை மணி நேரம் உடம்பை அசையுங்கள்” என்றார் மருத்துவர். எங்கே போய் அசைப்பது? வாசலுக்கு வெளியே லோரிகள் விரையும் சாலை. தொழிற்சாலையில் வேலை செய்யும் மூத்த பேரன், வேறொருவர் பயன்படுத்திய விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்தான். திரையில் வரும் ஆங்கிலத்தைச் சின்னவன் தமிழில் சொல்லச் சொல்ல, பாட்டி மூன்று வாரம் விடாமல் பயிற்சி செய்தார்.

ஒரு நாள் மாலை, ‘புதுப்பிக்க வேண்டும்’ என்று திரையில் அறிவிப்பு வந்தது. பேரன் சரி என்று பொத்தானை அழுத்தினான். பாதி வழியில் அது நின்றுவிட்டது. வெளியே இடி முழக்கம். பயந்துபோய் மின்சார இணைப்பைப் பிடுங்கினான். மறுநாள் விளையாட்டு திறக்கவே இல்லை. பெட்டி அலமாரிக்குள் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து நான் போனபோது பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் பெட்டிக்கும் என்னய மாதிரியே முட்டி வலி வந்திருச்சு, வாத்தியாரய்யா.” அவர் சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அவருடைய சர்க்கரை அளவு ஏறி, மருந்தைக் கூட்டியிருந்தார்கள்.

நேயர்களே, இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 100க்கு 18 பேருக்கு மேல் இனிப்பு நீர் நோய் காணப்பட்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிக அதிகம். நம் முன்னோருக்கு உடற்பயிற்சி என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. வெளிக்காட்டு வேலையே போதுமானதாக இருந்தது. இன்று மேருவைச் சுற்றிப் பாருங்கள். நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடத்தில் சேத்தியா ஆலாம் நகரம் எழுந்துவிட்டது. பால்வெட்டியவர்களின் பிள்ளைகள் காவல் சாவடியிலும், தொழிற்சாலை இயந்திரத்தின் முன்னும், வண்டியின் சக்கரத்தின் பின்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். உழைப்பின் வகை மாறியது, உணவு மாறவில்லை. சுவரை வைத்துத்தானே சித்திரம் எழுத வேண்டும்?

இனி வரலாற்றைப் பார்ப்போம். வீட்டில் இருந்தபடியே ஒரு கருவி சொல்லக் கேட்டு உடற்பயிற்சி செய்யும் வழக்கம் எங்கே தொடங்கியது? வானொலியில்தான் தொடங்கியது. 1925ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் காலை வேளையில் வானொலி வழியே உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தது. மக்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஆதாயம் அல்லவா? இதைக் கண்ட ஜப்பானிய அஞ்சல் காப்புறுதித் துறையினர் தங்கள் நாட்டிலும் அப்படி ஒன்றை உருவாக்கினர். 1928 நவம்பர் முதல் தேதி, தோக்கியோ வானொலியில் அது ஒலித்தது. ‘ராஜியோ தைசோ’ என்று அதற்குப் பெயர். பியானோ இசைக்கு ஏற்பக் கைகால்களை அசைக்கும் எளிய பயிற்சி அது.

‘தைசோ’ என்ற சொல்லை நம் குடும்பத்துப் பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் மலாயாவை ஆண்டபோது, பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் வரிசையாக நிறுத்தி இந்தப் பயிற்சியைச் செய்ய வைத்தார்கள். அதே ஆட்சிதான் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனது. பிள்ளைகளின் உடம்பை வளர்ப்பதாகச் சொன்னவர்கள் தகப்பன்மார்களின் உடம்பை அழித்தார்கள். ஆகவே நம் பெரியவர்களுக்கு அந்தச் சொல் இனிக்காததில் வியப்பில்லை. போர் முடிந்தபின் ஜப்பானியரே பழைய பயிற்சியைக் கைவிட்டு, 1951இல் புதிதாக ஒன்றை அமைத்தனர். இன்றும் ஜப்பானில் காலையில் ஒலிப்பது அந்தப் பயிற்சிதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1951இல் பயிற்சி மாறியபோது, கேட்கும் மக்கள் எதையும் கழற்றவில்லை, மாட்டவில்லை. வானொலி நிலையத்தில் மாற்றினால் எல்லார் வீட்டிலும் மாறிவிடும். பயிற்சி இயந்திரத்துக்குள் குடியேறிய பிறகுதான் சிக்கல் வந்தது.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமிகா என்ற நிறுவனம், அட்டாரி விளையாட்டுப் பெட்டிக்காக ‘ஜாய்போர்டு’ என்ற பலகையை விற்றது. அதன்மேல் நின்று இப்படியும் அப்படியும் சாய்ந்தால் திரையில் பனிச்சறுக்கு வீரன் சாய்வான். அது பெரிதாக விற்பனையாகவில்லை. ஆனாலும் அதையொட்டிச் சுவையான கதை ஒன்று உண்டு. அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் பிறகு ஒரு கணினியை உருவாக்கும்போது, அது அடிக்கடி நின்றுபோகுமாம். மனம் சலித்தவர்கள் அந்தப் பலகையின்மேல் சம்மணமிட்டு, கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்து மனத்தை அடக்குவார்களாம். 1985இல் அமிகா கணினி வெளிவந்தபோது, அது பழுதுபட்டால் திரையில் ‘குரு மெடிடேஷன்’, அதாவது குருவின் தியானம், என்று காட்டியது. இயந்திரம் நின்றுபோனால் பதறக்கூடாது என்பதை நம் நாட்டு யோகியை நினைத்து அவர்கள் கற்றிருக்கிறார்கள்! பதறிய காரியம் சிதறும் என்று நம் கிழவிகள் சொல்வதும் இதைத்தானே?

1986இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் ‘ஃபேமிலி டிரெய்னர்’ என்ற பாயை வெளியிட்டது. தரையில் விரித்து, அதன்மேல் ஓடினால் திரையில் உள்ள வீரனும் ஓடுவான். 1988இல் நின்டெண்டோ நிறுவனம் அதையே ‘பவர் பேட்’ என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. பிள்ளைகள் எங்கே இருந்தாலும் பிள்ளைகள்தாம்! நீளத் தாண்டும் போட்டியில் பாயை விட்டு இறங்கி நின்று, சற்று நேரம் கழித்து ஏறினால் வெகுதூரம் தாண்டியதாகப் பாய் நம்பிவிடும். இந்தக் குறையைத் திருத்த வழியில்லை. ஏனென்றால் விளையாட்டு, கேட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டிக்குள் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தது. கல்லில் வெட்டிய எழுத்தைப்போல, தவறு இருந்தாலும் தவறோடு அப்படியே இருக்கும்.

அந்த நிலை எப்பொழுது மாறியது? 2001இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் பெட்டி, உள்ளேயே சேமிப்புத் தட்டோடும் இணையக் கம்பி மாட்டும் துளையோடும் வந்தது. 2002 நவம்பரில் அதற்கென இணையச் சேவையும் தொடங்கியது. விற்ற பிறகும் விளையாட்டைத் திருத்தலாம் என்ற காலம் பிறந்தது. நம் நாட்டில் ஸ்திரீமிக்ஸ் அகன்ற அலைவரிசைச் சேவை தொடங்கியதும் அதே 2001இல்தான். ஒளியிழை வழியே யூனிஃபை வந்தது 2010 மார்ச்சில்.

2007 டிசம்பரில் நின்டெண்டோ ஜப்பானில் ‘வீ ஃபிட்’ விளையாட்டை வெளியிட்டது. அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோத்தோ, தினமும் தம் எடையைப் பார்த்துக் குறித்து வந்தவர். அந்தப் பழக்கத்தில் பிறந்ததே இந்த விளையாட்டு. அதனோடு வந்த வெள்ளைப் பலகையின் நான்கு மூலைகளிலும் நான்கு உணரிகள் உண்டு. ஏறி நின்றால் எடையையும், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் அது சொல்லும். உலகெங்கும் 2 கோடியே 20 இலட்சத்துக்கும் மேல் விற்றது. 2019 அக்டோபர் 18இல் ‘ரிங் ஃபிட் அட்வெஞ்சர்’ வந்தது. ஸ்விட்ச் பெட்டியின் ஒரு கைப்பிடியை வளையத்தில் மாட்டி, மற்றொன்றை இடது தொடையில் பட்டையால் கட்டிக்கொண்டு ஆடுவது. வளையத்தை எவ்வளவு அழுத்துகிறோம், எவ்வளவு இழுக்கிறோம் என்பதை உள்ளிருக்கும் உணரி அறிந்துகொள்ளும். சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது. நம் நாட்டில் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. உலகம் வீட்டுக்குள் அடைபட்ட நேரத்தில் இந்த வளையம் கடைகளில் கிடைக்காமல் போயிற்று. அந்த மார்ச் மாதக் கடைசியிலேயே அதற்கு ஓர் இலவசப் புதுப்பிப்பும் வந்தது. இசைக்கு ஏற்ப வளையத்தை அசைக்கும் புதுப் பகுதி அதில் சேர்ந்தது. 1951இல் வானொலி செய்த வேலையை இப்போது இணையம் செய்கிறது. ஆனால் வானொலி அலை எல்லார் வீட்டுக்கும் ஒன்றுபோல வந்தது. இணையம் அப்படி வருவதில்லை. 2020இல் சபாவில் ஒரு மாணவி, தேர்வு எழுத இணையம் தேடி மரத்தின்மேல் தங்கியதை நாடே பேசியதல்லவா?

இனி, புதுப்பிப்பு என்றால் என்ன, அது தடைபட்டால் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிப்பு இரண்டு வகை. ஒன்று, பெட்டியின் மூல மென்பொருளுக்கு உரியது. மற்றொன்று, விளையாட்டுக்கு உரியது. வீட்டின் அடித்தளமும் அதன்மேல் எழுப்பிய அறையும் போல. புதிய விளையாட்டுத் திருத்தம், புதிய அடித்தளத்தைக் கேட்கலாம். ஆகவே முதலில் பெட்டியைப் புதுப்பித்து, பிறகு விளையாட்டைப் புதுப்பியுங்கள். ஸ்விட்ச் பெட்டியில், முகப்பில் விளையாட்டின் படத்தின்மேல் நின்று கூட்டல் குறிப் பொத்தானை அழுத்தினால் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ என்ற வரி வரும்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது நேரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும். ஆகவே புதுப்பிப்பைக் காலையில் தொடங்குங்கள். திருத்தம் நினைவகத்தில் எழுதப்படும்போது பெட்டி அணைந்துபோனால், பாதிக் கடிதத்தைக் கிழித்ததுபோல் ஆகிவிடக்கூடும். பழைய விளையாட்டும் திறக்காமல் போகலாம், புதியதும் திறக்காமல் போகலாம்.

இரண்டாவது, இடம். விளையாட்டைச் சிறு அட்டையாக வாங்கியிருந்தாலும் திருத்தம் பெட்டியின் நினைவகத்தில்தான் போய் உட்காரும். இடம் இல்லையென்றால் நின்றுவிடும். ஆடாத விளையாட்டுகளையும் பழைய படங்களையும் நீக்குங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை! விளையாட்டை நீக்குவது வேறு, சேமித்த ஆட்டத்தை நீக்குவது வேறு. ஸ்விட்ச் பெட்டியில் விளையாட்டை நீக்கினாலும் நீங்கள் அதுவரை ஆடிச் சேர்த்த கணக்கு பெட்டிக்குள் இருக்கும். ‘சேவ் டேட்டா’ என்ற சொல் இருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை அழித்தால் மூன்று வார உழைப்பும் போய்விடும்.

மூன்றாவது, இணையத்தின் வலு. பெட்டியைப் பின்னறையில் வைத்துக்கொண்டு, இணையக் கருவியை வாசலில் வைத்தால் அலை எப்படி வந்து சேரும்? இரண்டையும் அருகில் வையுங்கள். சுவர்கள் குறுக்கே இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதிக தூரம் போகும். கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்தால், மாத அளவு எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3ஜி மட்டுமே பிடிக்கும் பழைய கைப்பேசி இதற்கு உதவாது. நம் நாட்டில் 3ஜி சேவை 2021 முடிவில் நிறுத்தப்பட்டுவிட்டது.

நான்காவது, அக்கம்பக்கம். பலருக்குத் தெரியாத வழி இது. ஸ்விட்ச் பெட்டியில் அதே புதுப்பிப்பு வரியின் கீழ், அருகில் உள்ளவரின் பதிப்போடு பொருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெட்டியில் அதே விளையாட்டு புதுப்பிக்கப்பட்டிருந்தால், இரண்டையும் அருகருகே வைத்து, இணையமே இல்லாமல் திருத்தத்தை வாங்கிக்கொள்ளலாம். லயத்து வீடுகளில் இல்லாததைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் பழகிய நமக்கு இது புதிதா என்ன?

ஐந்தாவது, பாதியில் கெட்டுப்போனால். பயப்படாதீர்கள். மின்பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் மறுபடி தொடங்கும் வழி வரும். அதுவும் வராமல் திரை உறைந்திருந்தால் 12 விநாடிக்கு மேல் விடாமல் அழுத்துங்கள், பெட்டி அணைந்துவிடும். மறுபடி ஏற்றி, விளையாட்டின் மென்பொருள் பகுதியில் ‘செக் ஃபார் கரப்ட் டேட்டா’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேதம் இருந்தால் பெட்டியே கண்டுபிடித்து, நல்ல பிரதியை மீண்டும் இறக்கிக்கொள்ளச் சொல்லும்.

ஆறாவது, கைப்பிடிகள். புதுப்பித்த பிறகு அசைவு சரியாகப் பதிவாகவில்லை என்றால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். கைப்பிடிகளுக்கும் தனிப் புதுப்பிப்பு உண்டு. அமைப்புப் பகுதியில் கைப்பிடிகளுக்கான இடத்தில் அது இருக்கும். அதன்பின் கைப்பிடியைச் சமமான மேசையின்மேல் வைத்து அளவு சரிபாருங்கள். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 என்ற புதிய பெட்டி வந்திருக்கிறது. அதன் புதிய கைப்பிடிகள் இந்த வளையத்தில் பொருந்தா. பழைய கைப்பிடிகளே வேண்டும். காசு கொடுக்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

காசு என்றதும் வரலாற்றிலிருந்து இன்னொரு பாடத்தைச் சொல்ல வேண்டும். 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்பாக்ஸ் ஃபிட்னெஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. மக்கள் பணம் கொடுத்துப் பயிற்சிப் படங்களை வாங்கினார்கள். 2016 ஜூனில் அவற்றின் விற்பனை நின்றது. 2017 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு, ஏற்கெனவே வாங்கியவர்களாலும் பார்க்க முடியவில்லை. பெட்டி வீட்டில் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. பயிற்சி மட்டும் இல்லை. வீ பெட்டியின் இணையக் கடையும் 2019 ஜனவரியில் மூடப்பட்டது. எனவே கையில் பிடிக்கக்கூடிய தட்டாக, அட்டையாக வாங்குவது நல்லது. புதுப்பிப்பு கிடைக்கும் காலத்திலேயே அதை இறக்கி வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

மேருவில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை, அலமாரியிலிருந்து பெட்டியை வெளியே எடுத்தோம். நினைவகம் முழுவதும் பேரனின் பந்தய விளையாட்டுகள்! இரண்டை நீக்கினோம். பெட்டியைச் சன்னல் அருகே கொண்டு வந்தோம். சேதத்தைச் சரிபார்க்கச் சொன்னோம், கெட்டிருந்தது. மறுபடி இறக்கினோம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை யாரும் கம்பியைத் தொடாதபடி பாட்டியே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திறந்தபோது அவருடைய மூன்று வாரக் கணக்கு அப்படியே இருந்தது. பெட்டியில் கோளாறே இல்லை. எங்களுக்குத்தான் விவரம் தெரியாமல் போயிருந்தது. சின்னவனிடம் ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுத்து, இன்று உங்களுக்குச் சொன்ன ஆறு செய்திகளையும் தமிழில் எழுதச் சொன்னேன். அதை நூலில் கட்டி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறான்.

தாய்மார்களே, இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், ஊசி போடுகிறவர்கள், புதிய பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெட்டி இருந்தால் பெட்டியோடு செய்யுங்கள். அது நின்றுபோன நாளில், வானொலியில் ஒரு பாட்டு வைத்து, அது முடியும்வரை கைகால்களை அசைத்து நில்லுங்கள். மேருவில் பாட்டி இப்பொழுது அப்படித்தான் செய்கிறார். ‘இதுக்குக் கம்பியும் வேணாம், காத்திருக்கவும் வேணாம்’ என்கிறார்.